பை வைத்த நைட்டியும் மதியம் இரண்டு மணியும்

பிரசீதாவின் போன் கிணற்றில் விழுந்தது ஒரு மே மாதத்துக் காலையில். வாளியை இழுத்துக் கரையில் வைக்கக் குனிந்தாள். நைட்டியின் கழுத்துக்குள் செருகியிருந்த போன் நழுவி, கிணற்றுச் சுவரில் ஒருமுறை மோதி, நேராகத் தண்ணீருக்குள் போய்விட்டது. கோடைக் கிணறு, இடுப்பளவுத் தண்ணீர்தான். அவள் கணவன் சுகுணன் கயிற்றில் கூடை கட்டி இறக்கி ஒரு மணி நேரம் துழாவி எடுத்தும் கொடுத்தான். ஆனால் போன் உயிரோடு வரவில்லை.

"கழுத்துக்குள்ள சொருகினா கிணத்துக்குத்தான் போகும். வேற எங்க போகும்?" என்றான் சுகுணன்.

"வேற எங்க சொருகறது? உங்க சட்டையில ரெண்டு பை, பேண்ட்ல நாலு பை, அது போதாதுன்னு தோள்ல கண்டக்டர் பை வேற. எனக்கு எங்க இருக்கு பை?"

சுகுணன் வட கேரளத்தில் பையன்னூரிலிருந்து செறுபுழை போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தன் ஏழு பைகளோடு வேலைக்குக் கிளம்பிப் போனான்.

பிரசீதாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய துணிக்கடையின் மாடியில், உடுப்பைப் பிடித்தும் தளர்த்தியும் கொடுக்கும் பிரிவில் பதினோரு வருடம் மிஷின் மிதித்தவள். ஆளை வாசலில் பார்த்ததுமே அளவு சொல்லிவிடுவாள் என்று கடையில் பெயர். அந்தப் பிரிவை மூடி இரண்டு வருடமாகியிருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மதியமே அவள் தன் பழைய நைட்டி ஒன்றைப் பிரித்தாள். கடை நைட்டிகளிலும் சிலவற்றில் பை உண்டு; பஸ் டிக்கெட் வைக்கலாம், அவ்வளவுதான். பிரசீதா வைத்த பை வேறு மாதிரி. வலது பக்கம், இடுப்புக்கு ஒரு சாண் கீழே, மணிக்கட்டு வரை கை இறங்கும் ஆழம், இரட்டைத் துணி. குனிந்தாலும் போன் வெளியே நழுவாதபடி வாயில் ஒரு மடிப்பு. போனின் கனம் துணியைக் கீழே இழுக்காமலிருக்க, உள்பக்கமாகத் தோள் வரை ஒரு நாடா. போட்டுக்கொண்டு முற்றம் கூட்டினாள், பாத்திரம் தேய்த்தாள், சுகுணனின் பழைய போனை வைத்து ஐந்து வாளி தண்ணீர் இறைத்தாள். போன் அசையவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரீஜா கேட்டாள்: "சேச்சி, இடுப்புல என்ன, துப்பாக்கியா?"

"கிட்ட வந்து பாரு."

ரீஜா வந்து கையை விட்டுப் பார்த்தாள். விட்ட கையை எடுக்க மனசில்லை அவளுக்கு. "எனக்கு ரெண்டு. இன்னைக்கே வேணும்."

அந்தச் சந்தில் பதினான்கு வீடு. பத்து நாளில் பதினான்கு வீட்டிலும் பை வைத்த நைட்டி நடமாடியது. பிரசீதாவுக்குத் துணிச்சல் வந்து, ஈரோட்டுப் பருத்தித் துணியாக ஆறு கட்டு வரவழைத்து அறுபது நைட்டி தைத்து அடுக்கிவிட்டாள். அடுக்கியபிறகுதான் உறைத்தது, சந்தில் இனி வாங்க ஆளில்லை என்று. அறுபது நைட்டியும் உள்ளறைக் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டன. சுகுணன் பாய் விரித்துப் படுத்தான்.

"இதுக்கு ஏன் இவ்ளோ யோசிக்கறே? இன்ஸ்டாவுல போட்டா ஒரே வாரம்" என்றாள் மகள் நிவ்யா. பி.காம். இரண்டாம் வருடம். மார்க்கெட்டிங் அவளுக்கு அந்த வருடப் பாடம்; அதனால் அவள் பேச்சில் கொஞ்சம் பேராசிரியர் தோரணை வந்திருந்தது. "அம்மா, இது விஷுவல் யுகம். நீ தைச்சா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். தன் தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு பாக்குத் தோப்புக்குப் போய், இரண்டு பேரும் நைட்டி மாட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, மெதுவாக நடந்து வந்து, இடுப்புப் பையிலிருந்து போனை உருவி எதிரியைச் சுடுவதுபோல நீட்டினார்கள். பின்னணியில் செண்டை மேளம். வீடியோ நன்றாகத்தான் இருந்தது. பிரசீதாவே ஆறு முறை பார்த்தாள். நான்கு நாளில் நாற்பத்தாறாயிரம் பேர் பார்த்தார்கள். நிவ்யா கல்லூரியில் தலை நிமிர்ந்து நடந்தாள்.

"ஆர்டர் எத்தனை மோளே?"

"ஆர்டர் வரும்மா. இப்போ ரீச் வந்திருக்கு."

வந்த செய்திகளைத் தாயும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து படித்தார்கள். அந்தப் பாக்குத் தோப்பு எங்கே இருக்கிறது என்று இருபது பேர். செண்டை வாசித்தது யார் என்று பத்துப் பேர். கண்ணாடி எங்கே கிடைக்கும் என்று சிலர். அந்த இடது பக்கத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று பலர். நைட்டி கேட்டு ஒரே ஒருவன் எழுதியிருந்தான். கல்லூரி நாடகத்தில் அவனுக்கு மாமியார் வேஷமாம். ஒன்று வாங்கி, மீசையோடு போட்டுப் பார்த்து ஒரு படமும் அனுப்பினான். அளவு சரியாகவே இருந்தது.

"நாப்பத்தாறாயிரம் பேர்ல ஒரு பொம்பளை கூடவா நைட்டி போடறதில்லை?" என்று பிரசீதா கேட்டாள். நிவ்யா பாடப் புத்தகத்தைப் புரட்டினாள். அதில் நைட்டி பற்றி ஒன்றுமில்லை.

சுகுணன் இதற்காகத்தான் காத்திருந்தான். ஃபேஸ்புக்கில் அவனுக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரம் நண்பர்கள். சிவப்புக் கொடிக்காரன் என்று பஸ்ஸின் படிக்கட்டுக்குக்கூடத் தெரியும். தினம் காலையில் உலக அரசியல் பற்றி நாலு வரி எழுதாமல் அவனுக்குக் காப்பி இறங்காது. "சின்னப் பசங்க நைட்டியா வாங்குவாங்க? குடும்பஸ்தங்க எல்லாம் என்கிட்ட இருக்காங்க. கொண்டா பன்னிரண்டு நைட்டி" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்துக் கொடியில் பன்னிரண்டையும் தொங்கவிட்டுப் படமெடுத்துப் போட்டான். 'என் மனைவியின் உழைப்பு. ஆதரவு தாருங்கள்' என்று எழுதினான். புட்டும் கடலைக்கறியும் சாப்பிட உட்கார்ந்தான். முதல் வாய் இறங்குவதற்குள் போன் துள்ளத் தொடங்கியது.

'சிவப்பைக் கடைசியில தொங்கவிட்டிருக்கியே சுகுணா, என்ன அர்த்தம்?' என்று முதல் கருத்து. 'காவி முன்னாடி நிக்குது பாருங்க, காலம் மாறுது' என்று அடுத்தது, கீழே கைதட்டும் பொம்மை. 'பச்சையை நடுவுல வச்சு நசுக்கியிருக்கீங்க, கவனிச்சோம்' என்று இன்னொருவர். சுகுணன் புட்டை ஒதுக்கிவைத்துவிட்டு விளக்கம் எழுதினான்: 'அது காவி இல்லை. மாம்பழ மஞ்சள்.' மாம்பழம் எப்போது அந்தப் பக்கம் சேர்ந்தது என்று ஒருவர் கேட்டார்.

கடலைக்கறி ஆறிப்போனது. சுகுணன் எழுந்து போய்க் கொடியில் வரிசையை மாற்றி, சிவப்பை முன்னால் விட்டு இரண்டாவது படம் போட்டான். அது இன்னும் மோசமாகப் போயிற்று. மதியத்துக்குள் கட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "தோழரே, நைட்டி விஷயத்துல கொஞ்சம் நிதானம் வேணும்" என்று மரியாதையாகச் சொன்னார். சாயந்திரம் நீல நைட்டிகளை மட்டும் மாட்டி மூன்றாவது படம். ஒரு பழைய பள்ளித்தோழன் எழுதினான்: 'சுகுணா, நீ ஒண்ணைப் போட்டுக் காட்டு, நான் ரெண்டு வாங்கிக்கறேன்.'

நூற்று எண்பத்து மூன்று கருத்துகள். ஒன்றுகூடப் பெண்பிள்ளை எழுதியதில்லை.

"ரீஜா, நீ பாத்தியா இதை?" என்று வேலியோரம் பிரசீதா கேட்டாள்.

"பாத்தேன். முதல் படத்துல அந்த ஊதா நல்லா இருந்துச்சு சேச்சி."

"அப்போ ஏன் அங்க ஒரு வார்த்தை எழுதலை?"

"நல்லா கேட்டே! அதுல என் வீட்டுக்காரர் இருக்கார், அவரோட அண்ணன் இருக்கார், சொசைட்டி செக்ரட்டரி இருக்கார். அவங்க நடுவுல நின்னு, 'எனக்கு ஊதா, மார்பு நாப்பது'ன்னு எழுதச் சொல்றியா?"

பிரசீதா சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் எங்கோ தைத்துவிட்டது. கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தபோது எந்தப் பெண்ணும் தன் அளவை உரக்கச் சொன்னதில்லை. துணியைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்து, காதருகே வந்துதான் சொல்வார்கள். இன்ஸ்டா, ஃபேஸ்புக் இந்த இரண்டு இடத்திலும் காது எங்கே இருக்கிறது? மேடைதான் இருக்கிறது.

மறுநாள் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டாள். துணி வெட்டும் முன் அளவெடுப்பதுபோல இதற்கும் அளவெடுத்துவிடுவது என்று முடிவு. குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்திலும், சுகுணனின் பஸ்ஸில் பெண்கள் பக்கத்து இருக்கைகளிலும், சுகாதார நிலையத்து வரிசையிலும் நாற்பதைத் தாண்டிய பெண்களாகப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டாள். "போனைக் கையில எடுத்தா முதல்ல எதைத் திறப்பீங்க? எப்போ திறப்பீங்க?"

மீன் கூடைக்காரி ஒருத்தி சொன்னாள்: "எழுத்தெல்லாம் எனக்கு எதுக்கு? அமுக்கிப் பிடிச்சு பேசுவேன். மகளும் திருப்பிப் பேசுவா. வாட்ஸ்அப்பைத் தவிர வேற எதையும் தொடமாட்டேன், தொட்டா காசு போயிடும்னு மகன் சொல்லியிருக்கான்."

அங்கன்வாடி டீச்சர் சமையல் வீடியோ பார்ப்பவள். "எண்ணெய் டப்பாமேல போனைச் சாய்ச்சு வச்சிருப்பேன். கை ரெண்டும் மாவு. விளம்பரம் வந்தா தள்ளக்கூட முடியாது, அது பாட்டுக்குக் கத்திட்டுப் போகும்."

வங்கியில் வேலை பார்க்கும் ஒருத்தி குரலைத் தணித்துக்கொண்டாள். "ஃபேஸ்புக் இருக்கு. சூரிய அஸ்தமனம் ஒண்ணு போட்டிருக்கேன், 2016-ல. பாஸ்வேர்டு அவர்கிட்ட இருக்கு."

முப்பத்தொரு பேரிடம் கேட்டாள், போன் எண்ணையும் மாற்றிக்கொண்டாள். முப்பத்தொரு பதிலும் சுற்றிச் சுற்றி ஓரிடத்துக்கே வந்தன. மதியச் சோறு முடிந்து, பாத்திரம் கவிழ்த்து, ஆண்கள் வெளியே போய், சாயந்திர டீக்கு முன் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம். காலை நீட்டி உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் யார் யார் என்ன ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார்கள் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். நாத்தனார் வீட்டுப் புதுத் திரைச்சீலை, மஸ்கட்டில் இருக்கும் தங்கை மகளின் பிறந்தநாள் கேக், பக்கத்து வீட்டுக்காரியின் கோயில் தரிசனம். யாரும் ஒன்றும் எழுதுவதில்லை. பார்ப்பார்கள், அவ்வளவுதான். மனசில் பட்டால் அவளுக்கு மட்டும் ஒரு வரி அனுப்புவார்கள்.

"அதெல்லாம் ஒரு மார்க்கெட்டாம்மா? உன் போன்ல இருநூத்தி சொச்சம் நம்பர்தான் இருக்கு" என்றாள் நிவ்யா.

"நாப்பத்தாறாயிரம் பேரைப் பாத்தாச்சு. இருநூறு பேரையும் பாத்துடறேனே."

"வாட்ஸ்அப்னா சும்மா பேசறதுதானே?" என்றான் சுகுணன்.

"ஆமா. நான் பேசித்தான் விக்கப் போறேன்."

அன்று மதியம் இரண்டு பத்துக்கு முதல் ஸ்டேட்டஸ் வைத்தாள். மாடல் இல்லை, மேளம் இல்லை. கட்டிலில் ஒரு நைட்டி விரித்து, பக்கத்தில் அதன் பைக்குள் அடங்கிய சாமான்களை வரிசையாக வைத்திருந்தாள்: போன், சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, தலைவலித் தைலம், ரேஷன் கார்டு. சாயந்திரத்துக்குள் எழுபத்து நாலு பேர் பார்த்திருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நிவ்யா அம்மாவுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். அந்த இரக்கம்தான் பிரசீதாவுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் அதே நேரத்துக்கு ஒரு சின்ன வீடியோ. கிணற்றங்கரையில் அவளே குனிகிறாள், வாளி இழுக்கிறாள், நிமிர்கிறாள். பையிலிருந்து போனை எடுத்துக் காட்டுகிறாள். "ஒரு போன் இந்தக் கிணத்துக்குப் போச்சு. இதுக்கு மேல ஒண்ணும் போகாது" என்று அவள் குரல்.

இரண்டு இருபத்தைந்துக்கு முதல் மணி அடித்தது. வங்கிக்காரி. 'நீலம் இருக்கா? டபுள் எக்ஸெல். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்.'

அடுத்து மீன் கூடைக்காரி, குரலில்: "மோளே, எனக்குப் பை ரெண்டு பக்கமும் வை. ஒண்ணுல போன், ஒண்ணுல சில்லறை. அளவு நீயே பாத்திருக்கேல்ல, எந்திரிச்சு வரமுடியாது, முட்டி வலி." அதன் பிறகு அங்கன்வாடி டீச்சர். அதன் பிறகு யாரோ ஒருத்தியின் அண்ணி. இருட்டும் முன் ஒன்பது ஆர்டர். ஒன்பதும் காதோடு காதாக வந்தவை. சுகுணனுக்கு அந்த வாரக் கடைசியில் கட்டில் திரும்பக் கிடைத்தது.

ஒரு மாதத்தில் வேலை கையை மீறிப் போயிற்று. ரீஜாவைத் துணி வெட்டச் சேர்த்துக்கொண்டாள். அளவுகளைக் குரல் செய்தியாக அனுப்புவாள், ரீஜா தன் வீட்டில் கேட்டு வெட்டி வைப்பாள். வேகமாகத்தான் போனது. அந்த வேகத்தில்தான் அது நடந்தது.

கௌசல்யா டீச்சர் எழுபது வயது, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. ஊரில் பாதிப் பேருக்குக் கணக்கும் மீதிப் பேருக்கு உதையும் கொடுத்தவர். இப்போது வாசகசாலையின் தலைவர். அவர் இரண்டு நைட்டி கேட்டிருந்தார், அளவு சொல்லாமல். கேட்கப் பிரசீதாவுக்குப் பயம். கண்மதிப்பாகத் தீர்மானித்துக்கொண்டு, அடுப்பில் மீன்குழம்பு கொதிக்க, போனை அமுக்கிப் பேசினாள்: "ரீஜா, கௌசல்யா டீச்சருக்கு மார்பு நாப்பத்தி நாலு. கழுத்து இறக்காதே, திட்டுவாங்க. வயித்துப் பக்கம் நல்லா தாராளமா விடு. டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா வேணும்."

அனுப்பிவிட்டுக் குழம்பை இறக்கினாள். திரும்பி வந்து பார்த்தால், செய்தி போயிருந்தது ரீஜாவுக்கு அல்ல. திரையில் ரீஜாவின் பெயருக்கு நேர் மேலே இருந்த வாசகசாலை வாட்ஸ்அப் குழுவுக்கு. இருநூற்று நாற்பது பேர்.

அழுத்திப் பிடித்து அழிக்கப் போனாள். 'எனக்கு மட்டும்' அழிக்கவா, 'எல்லாருக்கும்' அழிக்கவா என்று போன் கேட்டது. அவசரத்தில் முதலில் தெரிந்ததை அமுக்கினாள். அவள் போனிலிருந்து அது மறைந்தது. மற்ற இருநூற்று முப்பத்தொன்பது பேரிடமும் பத்திரமாக இருந்தது. இனி அழிக்கவும் வழியில்லை.

சுகுணன் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டான். பின்னால் சிரிப்புச் சத்தம். "பிரசீதே, என்னடி பண்ணி வச்சிருக்கே? முன் சீட்டுல நாலு பேரு திருப்பித் திருப்பிக் கேட்டுட்டிருக்காங்க! டிரைவர் வண்டியை ஓரமா நிறுத்திட்டான், சிரிச்சு முடிச்சுட்டு எடுக்கறேங்கறான்!"

பிரசீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, அளவு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக டீச்சர் வீட்டுக்கு நடந்தாள். நாடா எதற்கு என்று அவளுக்கே தெரியாது. வெறுங்கையோடு போகத் தோன்றவில்லை.

டீச்சர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். போன் மடியில். "உள்ள வா" என்றார். பிரசீதா உள்ளே போய் நின்றாள். டீச்சர் அந்தச் செய்தியை முழுச் சத்தத்தில் ஓடவிட்டார். 'ஒத்துக்க மாட்டாங்க, ஆனா வேணும்' என்று முடியும்வரை இரண்டு பேரும் கேட்டார்கள்.

"நாப்பத்தி நாலுன்னு எந்த நாடா சொல்லிச்சு?"

"நாடா இல்ல டீச்சர். கண்ணால பாத்து..."

"கண்ணாலயா? முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊருக்கு அளவு சொல்லிக்குடுத்தவ நான். எனக்கே கண்ணளவா? எடு நாடாவை."

பிரசீதா அளந்தாள். நாற்பத்திரண்டு. டீச்சர் தலையை ஆட்டினார். "இப்போ வயிறு." பிரசீதா அளந்தாள். சொல்லத் தயங்கினாள். டீச்சரே நாடாவைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பிரசீதா பதறினாள். டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அதுல மட்டும் நீ சொன்னது சரி. தாராளமாவே விடு."

பிரசீதாவுக்கு அப்போதுதான் அழுகை முழுசாக வந்தது. "டீச்சர், உங்க அளவா போனதால நீங்க சிரிக்கிறீங்க. வேற யாராவது சின்னப் பொண்ணோட அளவு போயிருந்தா அவ எப்படி வெளியே தலை காட்டுவா? என்னை நம்பித்தானே எல்லாரும் காதுல சொன்னாங்க? நான் மைக்குல சொல்லிட்டேன்."

"அழுது என்ன ஆகப்போகுது? இனி போகாம இருக்க என்ன பண்ணப்போறே?"

பிரசீதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். அங்கேயே, அந்த நாற்காலி ஓரத்திலேயே, வழி தோன்றியது. ஆளுக்கு ஒரு எண். பெயரும் எண்ணும் நோட்டில் மட்டும். போனில் போவதெல்லாம் எண்ணும் அளவும்தான். வியாபாரத்துக்கென்று தனிப் போன். அதில் எந்தக் குழுவும் கிடையாது. "முதல் எண் உங்களுக்கு டீச்சர்" என்றாள்.

"வேண்டாம். ஒண்ணாம் நம்பர்னா நான்தான்னு ஊருக்கே தெரிஞ்சிடும். பதினேழு குடு."

அவள் வீடு சேரும் முன் குழுவில் டீச்சரின் செய்தி வந்திருந்தது. 'திருத்தம். நாற்பத்து நாலு அல்ல, நாற்பத்திரண்டு. மற்றவை சரி. சிரித்த பத்தொன்பது பேரின் பெயரையும் பார்த்துக்கொண்டேன். அவர்களில் பதினான்கு பேர் என்னிடம் படித்தவர்கள். ஒன்பது பேர் கணக்கில் தேறவில்லை.' கால் மணி நேரத்துக்குள் பத்தொன்பது சிரிப்புப் பொம்மைகளும் காணாமல் போயின.

இரண்டு பேர் ஆர்டரை வேண்டாமென்று சொன்னார்கள். அவர்களைப் பிரசீதா குறைசொல்லவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, நோட்டில் அவர்கள் பெயர் இருந்த பக்கத்தைக் கிழித்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். அவர்களில் ஒருத்தி ஆறு வாரம் கழித்துத் திரும்ப வந்தாள், இரண்டு தங்கைகளோடு.

எதிர்பாராதது வேறொன்று. ஸ்டேட்டஸ் என்பது நம் எண்ணை அவர்களும் அவர்கள் எண்ணை நாமும் சேமித்து வைத்திருந்தால் மட்டுமே அவர்களுக்குத் தெரியும். வாசகசாலைக் குழுவிலிருந்த பெண்கள் பலரிடம் பிரசீதாவின் எண்ணே இல்லை. இப்போது, கௌசல்யா டீச்சருக்கே தாராளமாக விடத் துணிந்த அந்தத் தையல்காரி யார் என்று தேடி, அவர்கள் புது எண்ணை வாங்கிச் சேமித்தார்கள். 'சேச்சி, என் நம்பரையும் போட்டு வச்சுக்கோங்க' என்று ஒவ்வொருத்தியும் எழுதினாள். எழுபத்து நாலு பேர் பார்த்த ஸ்டேட்டஸை ஓணத்துக்கு முன் முந்நூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். அவர்களிடமிருந்து ஷார்ஜாவிலும் மஸ்கட்டிலும் இருந்த மகள்களுக்குப் போயிற்று. விடுமுறைக்கு வந்து திரும்புகிறவர்களின் பெட்டியில் ஊறுகாய்க்கும் சிப்ஸுக்கும் நடுவே நாலு நைட்டி ஏறியது. அங்கே ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி எழுதினாள்: 'ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து இதைப் போட்டா ஊருக்கு வந்த மாதிரி இருக்கு. ஹாஸ்டல்ல இன்னும் எட்டுப் பேர் கேக்கறாங்க.'

பிரசீதா மாவு மில்லுக்கு மேலிருந்த அறையை வாடகைக்கு எடுத்தாள். ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக் மிஷின் வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது சுகுணன். அவன் ஃபேஸ்புக்கில் தளிப்பரம்பாக்காரர் ஒருவர் பழைய மிஷின் விற்பதாகப் போட்டிருந்தார். அவர் எதிர்க்கட்சி என்று தெரிந்தும் சுகுணன் போய்ப் பேசி, டீ குடித்து, மிஷினோடு திரும்பினான். "நல்ல மனுஷன். அரசியல்தான் கொஞ்சம் கோளாறு" என்றான்.

நிவ்யாவும் தோற்றுப்போனதாக ஒத்துக்கொள்ளவில்லை. வெட்டி விழும் துண்டுத் துணிகளை அள்ளிக்கொண்டு போய்ச் சுருக்கு வைத்த தலைமுடிப் பட்டைகள் தைத்தாள். அதே பாக்குத் தோப்பு, அதே தோழி, அதே மேளம். இன்ஸ்டாகிராமில் போட்ட இரண்டாம் நாள் கல்லூரி முழுக்க அதைத்தான் கேட்டார்கள். "அம்மா, உன் ஆளுங்க வேற இடத்துல இருக்காங்க, என் ஆளுங்க வேற இடத்துல இருக்காங்க. அவ்வளவுதான் விஷயம்" என்றாள், அதைத் தானே கண்டுபிடித்ததுபோல. பிரசீதா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

போன தை மாதம் கண்ணூரிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடிக்கணினி. மில்லின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினான். ஐந்து தளங்களில் ஒரே நேரத்தில் விளம்பரம், மாதம் முப்பது பதிவு, லட்சம் பேரைச் சென்றடையலாம் என்றான்.

பிரசீதா அவனுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க மோனே. உங்க வீட்டுல அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்க இந்த அஞ்சுல எதைப் பாப்பாங்க?"

இளைஞன் மடிக்கணினியைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். "அம்மா... அம்மா வாட்ஸ்அப்தான். எங்க பெரியம்மாவோட ஸ்டேட்டஸ் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணி சண்டை போடுவாங்க."

ரீஜா கத்தரியை வைத்துவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான். டீ வந்தது. குடித்துக்கொண்டே அடுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்துப் பைக்குள் கையை விட்டுப் பார்த்தான். "அம்மாவுக்கு ஒண்ணு எடுத்துக்கறேன் சேச்சி. அளவுதான் தெரியாது."

"உங்களுக்குத் தெரியவும் வேண்டாம். என் நம்பரை அவங்ககிட்ட குடுங்க, அவங்களே சொல்லட்டும்."

மறுநாள் இரண்டு மணி தாண்டியதும் புதிய எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நாலு நிமிடம் நீளம். முதல் மூன்றரை நிமிடம் மகனைப் பற்றியும், அவனுக்குப் பெண் அமையாததைப் பற்றியும், குளிர் காலத்தில் தன் தோள் பிடித்துக்கொள்வதைப் பற்றியும். கடைசியில், குரலைத் தாழ்த்தி, அளவு. பிரசீதா மிஷினை நிறுத்திவிட்டு, போனைக் காதோடு வைத்து, முதலிலிருந்து கடைசி வரை கேட்டாள்.